வயதுக்கு மீறிய வளர்ச்சி: சிறு குழந்தைகளுக்கு வரும் அட்ரீனல் கட்டி

(சாயர்புரத்தில் நடைபெற்ற குடும்ப நலக் கூட்டத்தில் நம் அறக்கட்டளையின் சார்பில் ஆற்றப்பட்ட உரை)



இதுவரை நடந்த கூட்டங்களில் சர்க்கரை, இரத்தசோகை என்று ஏறக்குறைய எல்லோர் வீட்டிலும் இருக்கிற விஷயங்களைப் பேசியிருக்கிறோம். இன்று பேசப்போவது, இங்கே அமர்ந்திருக்கும் யார் வீட்டிலும் இல்லாமலே இருக்கக்கூடிய ஒரு நோய். உலகக் கணக்கில் பார்த்தால் பத்து லட்சம் குழந்தைகளில் ஆண்டுக்கு ஒரு குழந்தைக்குக்கூட இது வருவதில்லை. அப்படியானால் இதற்கு ஏன் ஒரு கூட்டம் என்று கேட்பீர்கள். இந்த நோயின் முதல் அடையாளம் டாக்டரின் இயந்திரத்தில் தெரிவதற்கு முன்பே, பிள்ளையைக் குளிப்பாட்டுகிற உம்மாவின் கண்ணில் படுகிறது. பட்டும், வெளியே சொல்லாமல் மறைக்கப்படுகிறது. அதுதான் காரணம். ஆகவே இந்தப் பேச்சு முக்கியமாகத் திரைக்கு அந்தப் பக்கம் அமர்ந்திருக்கும் தாய்மார்களுக்கும் வாப்பும்மாக்களுக்கும். சில வார்த்தைகளைப் பச்சையாகச் சொல்ல வேண்டி வரும். நோயைப் பற்றிப் பேசும்போது வெட்கம் வேண்டாம் என்று பெரியோர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

நம் இரண்டு சிறுநீரகங்களின் தலைமேலும் தொப்பி வைத்தாற்போல ஒரு சிறிய சுரப்பி இருக்கிறது. அதன் பெயர் அட்ரீனல். பெரியவர்களுக்கே ஒவ்வொன்றும் நாலைந்து கிராம்தான் இருக்கும். ஆனால் அது செய்கிற வேலை பெரிது. உடம்பில் உப்பையும் தண்ணீரையும் நிறுத்தி வைப்பது அது. காய்ச்சலோ அடியோ பட்டால் உடம்பைத் தாங்கிப் பிடிக்கும் கார்டிசால் என்ற ஹார்மோனைச் சுரப்பது அது. ஆண் தன்மையைத் தரும் ஹார்மோன்களையும், பெண் பிள்ளையானாலும் ஆண் பிள்ளையானாலும், கொஞ்சம் சுரக்கும். சிறு வயதில் அந்தக் கடைசி வேலை அநேகமாக உறங்கிக் கிடக்க வேண்டும்.

மிக அரிதாக, அந்தச் சுரப்பியின் மேல்தோல் போன்ற பகுதியில் ஒரு கட்டி வளருகிறது. பெரியவர்களுக்கு வரும் இத்தகைய கட்டிகளில் பல, ஹார்மோன் எதையும் சுரக்காமல் சத்தமின்றி வளரும். குழந்தைகளுக்கு வருவது அப்படியல்ல. பெரும்பாலானவை ஹார்மோனைக் கொட்டுகின்றன. ஒரு வகையில் இது அல்லாஹ்வின் கிருபை என்றே சொல்ல வேண்டும். கட்டி வயிற்றுக்குள் ஒளிந்திருந்தாலும் உடம்பின் மேல் எழுதிக் காட்டிவிடுகிறது. வாசிக்க ஆள் வேண்டும், அவ்வளவே.

என்ன எழுதிக் காட்டுகிறது? அமெரிக்காவில் மெம்ஃபிஸ் நகரத்துக் குழந்தைகள் மருத்துவமனை ஒன்றில் 1990 முதல் பல நாடுகளிலிருந்தும் இத்தகைய குழந்தைகளின் விவரங்களைச் சேர்த்தார்கள். அவ்வாறு சேர்ந்த 254 குழந்தைகளைப் பற்றிய கட்டுரை 2004ல் வெளிவந்தது. அதில் பாதிக்கு மேற்பட்டோர் 4 வயது நிரம்பாதவர்கள். ஆண் பிள்ளைகளைவிடப் பெண் பிள்ளைகள் அதிகம். 10ல் 8 பேருக்கு மேல் காணப்பட்ட அடையாளம் ஒன்றுதான்: வயதுக்கு வராத பிள்ளையின் உடம்பில் வயதுக்கு வந்தவரின் அடையாளம்.

இரண்டு வயது, மூன்று வயதுப் பிள்ளைக்கு மர்ம இடத்தில் முடி. அக்குளில் பெரியவர்களைப் போல வியர்வை நாற்றம். முகத்தில் பரு. குரல் தடிப்பது. நம் பிள்ளைகள் மதரஸாவில் ஓதுகிறார்கள். கூடவே ஓதும் பிள்ளைகளின் குரலிலிருந்து ஒரு சிறுமியின் குரல் மட்டும் கட்டையாகத் தனித்துக் கேட்டால் முதலில் கவனிப்பது உஸ்தாதாகவோ ஆலிமாவாகவோ இருக்கலாம். பெண் பிள்ளைக்குப் பிறப்புறுப்பின் முன்பகுதி தடித்து நீளும். ஆண் பிள்ளைக்கு உறுப்பு வயதுக்கு மீறிப் பெரிதாகும். ஆனால் விதைகள் சிறு பிள்ளையின் அளவிலேயே நிற்கும். இதை நன்றாகக் கவனியுங்கள். உண்மையிலேயே வயதுக்கு வருகிற பையனுக்கு முதலில் பெரிதாவது விதைதான். விதை சிறுத்திருக்க மற்றது மட்டும் வளர்ந்தால், கட்டளை வேறு எங்கிருந்தோ வருகிறது என்று அர்த்தம். நம் குடும்பங்களில் சுன்னத் செய்யும் வேளையில் ஒரு டாக்டர் பையனைப் பார்க்கிறார் அல்லவா? அப்போது அவர் ஏதாவது சொன்னால் சிரித்துவிட்டுப் போகாதீர்கள். உறவுக்காரர்கள் பெருமையாகச் சிரிப்பதும் உண்டு. சிரிக்கிற விஷயம் அல்ல அது.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். இந்த ஹார்மோன் மூளையையும் விடுவதில்லை. சாந்தமாக இருந்த பிள்ளை முரட்டுத்தனமாக மாறும். சிறு பையனின் உடம்பில் வயதுக்கு ஒவ்வாத எழுச்சி தெரியும். அதற்காகப் பிள்ளையை அடிக்கிற வீடுகள் உண்டு. அவனுக்கு ஒன்றும் தெரியாது. அடிக்க வேண்டாம், டாக்டரிடம் காட்டுங்கள்.

உயரம் பற்றி ஒரு வார்த்தை. இரண்டு வயது தாண்டிய பிள்ளை ஆண்டுக்கு 5 முதல் 7 சென்டிமீட்டர் வளர்வது வழக்கம். இந்தக் கட்டி உள்ள பிள்ளை அதைவிட வேகமாக நெடுநெடுவென்று வளரும். "வாப்பா வழி உயரம்", "கறி மீனெல்லாம் நல்லாச் சாப்பிடுறான்" என்று வீட்டார் மகிழ்ச்சியாகப் பேசிக்கொள்வார்கள். எலும்பு சீக்கிரமே முதிர்ந்து மூடிவிடுவதால் அந்தப் பிள்ளை கடைசியில் குள்ளமாகவே நின்றுவிடக்கூடும் என்பது அப்போது யாருக்கும் தெரியாது. பிள்ளையின் உயரத்தைச் சுவரில் கோடு போட்டு வைக்கும் பழக்கம் எல்லா வீட்டிலும் இல்லை. ஆனால் எல்லோர் செல்போனிலும் பெருநாள் போட்டோ இருக்கிறது. போன பெருநாள் படத்தையும் இந்தப் பெருநாள் படத்தையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். ஒரே வயதுப் பிள்ளைகள் தோளோடு தோள் நின்ற இடத்தில் ஒருவர் மட்டும் ஒரு தலை உயர்ந்திருந்தால், முகமே மாறியிருந்தால், அந்தப் படங்களை டாக்டரிடம் எடுத்துச் செல்லுங்கள். குழந்தை மருத்துவர்கள் பழைய போட்டோவை விரும்பிக் கேட்பார்கள்.

முகம் மாறுவது என்றோம். சில கட்டிகள் கார்டிசாலையும் கொட்டும். அப்போது முகம் நிலா போல உருண்டு சிவக்கும், வயிறும் கழுத்தின் பின்புறமும் சதை போடும், பி.பி. ஏறும். கைக்குழந்தையானால் "புஷ்டியான பிள்ளை" என்று திருஷ்டி கழிப்பார்கள். நன்றாகச் சாப்பிட்டுக் குண்டாகும் பிள்ளை பொதுவாக உயரத்திலும் நன்றாகவே இருக்கும். எடை மட்டும் ஏறி உயரம் நின்றுபோனால் அது சாப்பாட்டின் சதை அல்ல. அங்கன்வாடி அட்டையில் எடை, உயரம் இரண்டும் எழுதுகிறார்கள். எடையை மட்டும் பார்த்துச் சந்தோஷப்படாமல் உயரத்தையும் பாருங்கள்.

இதே நிலா முகம் கட்டி இல்லாமலும் வரும். பெரும்பாலும் அதற்குக் காரணம் நாம்தான். டயபர் புண்ணுக்கு என்று மெடிக்கல் கடையில் கேட்டு வாங்கித் தடவும் சில களிம்புகளில் வீரியமான ஸ்டீராய்டு இருக்கிறது. வாரக்கணக்கில் தடவினால் தோல் வழியே உள்ளே போய்ப் பிள்ளையின் முகத்தை உப்ப வைக்கும், அதன் சொந்தச் சுரப்பியை உறங்க வைத்துவிடும். இளைப்புக்கு என்று பெயர் எழுதாத பொட்டலத்தில் வாங்கிக் கொடுக்கும் பொடிகளும் அப்படியே. டாக்டரிடம் போகும்போது பிள்ளைக்குத் தடவிய, கொடுத்த எல்லாவற்றையும் ஒரு பையில் போட்டு எடுத்துச் செல்லுங்கள். திட்டுவாரோ என்று ஒன்றை மறைத்தால் வீண் பரிசோதனை பத்து நடக்கும். அந்த மருந்தைப் பயந்துபோய்த் திடீரென்று நிறுத்தவும் கூடாது. எப்படிக் குறைப்பது என்று டாக்டர்தான் சொல்ல வேண்டும்.

இப்போது வெட்கத்தைப் பற்றி. பெண் பிள்ளைக்கு இப்படி ஒரு அடையாளம் தெரிந்தவுடன் வீட்டில் நடப்பது என்ன? உம்மா வாப்பும்மாவிடம் சொல்வார். வாப்பும்மா, "வெளியே சொல்லாதே, நாளைக்குக் கல்யாணம் காட்சி நடக்கணும்" என்பார். முடியைச் சிரைத்துவிடுவார்கள். யாராவது ஓதிப் பார்ப்பார்கள், தண்ணீர் ஓதிக் கொடுப்பார்கள். ஓதுவதும் துஆச் செய்வதும் உங்கள் விருப்பம், அதை நாங்கள் குறை சொல்லவில்லை. ஆனால் அதன் பேரில் ஒரு மாதத்தைத் தள்ளிப்போடாதீர்கள். சிரைத்துவிட்டு டாக்டரிடம் கூட்டிப் போகாதீர்கள், பார்க்க வேண்டியதை அழித்துவிட்டுப் போவது போல ஆகும். பெண் டாக்டர் வேண்டும் என்று கேட்க உங்களுக்கு உரிமை உண்டு. அரசு மருத்துவமனையிலும் கேட்கலாம். அவர் இல்லாத நாளில் ஒரு பெண் நர்ஸை உடன் வைத்துக்கொண்டு பார்க்கச் சொல்லலாம். மூன்று வயதுக் குழந்தைக்கு மருத்துவம் பார்ப்பதில் மார்க்கத் தடை ஏதும் இல்லை.

முடி தெரிந்தாலே கட்டி என்று பயந்துவிடவும் வேண்டாம். ஏழெட்டு வயதில் நாலு முடி முளைப்பது பல பிள்ளைகளுக்குத் தீங்கில்லாமல் நடப்பதுதான். பெண் பிள்ளைக்கு 8 வயதுக்கு முன்னும், ஆண் பிள்ளைக்கு 9 வயதுக்கு முன்னும் இத்தகைய அடையாளம் தெரிந்தால் டாக்டர் பார்த்துச் சொல்லட்டும் என்பது கணக்கு. நாலைந்து வயதுக்குள் என்றால் அந்த வாரமே.

அந்த அடையாளங்களைக் காட்டும் இன்னொரு நோய் இருக்கிறது. அது கட்டி அல்ல. பிறவியிலேயே அட்ரீனல் சுரப்பியில் ஒரு என்சைம் குறைந்து, கார்டிசால் சுரக்க வேண்டிய இடத்தில் ஆண் ஹார்மோன் பெருகிவிடும் நோய். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் டெல்லி, மும்பை, கொல்கத்தா, ஹைதராபாத், சென்னை ஆகிய ஐந்து நகரங்களில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட பச்சிளங் குழந்தைகளின் இரத்தத்தைச் சோதித்து 2018ல் முடிவை வெளியிட்டது. மொத்தத்தில் 5,762 குழந்தைகளுக்கு ஒன்று என்று வந்தது. சென்னையில் மட்டும் 2,036க்கு ஒன்று. ஐந்தில் அதிகம் நம் மாநிலத்தில்தான்.

இந்தப் பிறவிக் குறை, உம்மா வாப்பா இருவரிடமும் மறைந்திருக்கும் ஒரே பழுது பிள்ளையிடம் ஒன்று சேரும்போது வருகிறது. மாமி மகள், சாச்சா மகன் என்று தலைமுறை தலைமுறையாகச் சொந்தத்துக்குள்ளேயே முடித்துக்கொள்ளும் குடும்பங்களில் அந்த வாய்ப்பு கூடுதல். இருவரிடமும் பழுது இருந்தால் ஒவ்வொரு பிரசவத்திலும் நாலில் ஒரு பங்கு வாய்ப்பு. சொந்தத்தில் செய்யவே கூடாது என்று நாங்கள் சொல்ல வரவில்லை. ஒரு குடும்பத்தில் பச்சிளம் பிள்ளைகள் பிறந்த இரண்டு மூன்று வாரத்தில் வாந்தி எடுத்து, எடை குறைந்து, காரணம் தெரியாமல் மவுத்தாகியிருந்தால், பிறந்த பிள்ளை ஆணா பெண்ணா என்று சந்தேகம் வந்திருந்தால், அடுத்த பிள்ளை பிறந்தவுடன் இதற்கான இரத்தச் சோதனை செய்யுங்கள் என்கிறோம். இதற்கு ஆபரேஷன் வேண்டாம். தினமும் மாத்திரைதான், வாழ்நாள் முழுதும். பெண் பிள்ளையாகப் பிறந்திருந்தால் கர்ப்பப்பை உள்ளே இருக்கிறது, ஒழுங்காக மருந்து எடுத்தால் தாயாகவும் முடியும். இதைச் சொல்ல ஆள் இல்லாமல் எத்தனை வீடுகளில் அழுதிருப்பார்கள்.

கட்டியின் கதை வேறு. சொந்தத்தில் கல்யாணம் செய்ததால் கட்டி வந்தது என்று யாரும் யாரையும் குற்றம் சொல்ல வேண்டாம். அட்ரீனல் கட்டி வந்த குழந்தைகளில் பாதிக்கும் மேற்பட்டோரிடம் டி.பி.53 என்ற மரபணுவில் பிறவிப் பழுது காணப்படுகிறது. உடம்பில் புற்று முளைக்காமல் காவல் காக்கும் மரபணு அது. இந்தப் பழுது இருவரில் ஒருவரிடமிருந்து வந்தாலே போதும். 1969ல் அமெரிக்காவில் ஃபிரெடரிக் லீ, ஜோசப் ஃபிராமெனி என்ற இரு மருத்துவர்கள், சில குடும்பங்களில் பிள்ளைக்கு ஒரு புற்று, இளம் வயதிலேயே தாய்க்கு மார்பில், உறவினருக்கு மூளையில் அல்லது எலும்பில் என்று தொடர்ந்து வருவதை எழுதினார்கள். ஆகவே டாக்டர் குடும்பத்தில் யாருக்காவது கேன்சர் உண்டா என்று கேட்டால் "இல்லை" என்று பொய் சொல்லாதீர்கள். அதை மறைத்தால், இன்னும் நோய் வராமல் இருக்கும் உறவினர் யாரைக் கண்காணிக்க வேண்டும் என்பதும் சேர்ந்தே மறைந்துவிடும்.

பிரேசில் நாட்டின் தெற்கில் பரானா என்ற மாநிலம். அங்கே இந்தக் கட்டி மற்ற நாடுகளைவிடப் பத்துப் பதினைந்து மடங்கு அதிகம். பயிருக்குத் தெளிக்கும் மருந்தோ, தண்ணீரோ என்று பலவாறு சந்தேகப்பட்டார்கள். 2001ல் தெரிந்தது, காரணம் டி.பி.53ல் உள்ள ஒரு குறிப்பிட்ட பழுது. ஒரே மூதாதையரிடமிருந்து பரம்பரையாகப் பரவி வந்தது. பிறகு அவர்கள் செய்ததுதான் நமக்குப் பாடம். அந்த மாநிலத்தில் பிறந்த 1,71,649 குழந்தைகளைச் சோதித்தார்கள். 461 பேரிடம் பழுது இருந்தது. அவர்களில் பெரும்பாலோருக்குக் கட்டி வரவே வராது. ஆனாலும் பெற்றோர் சம்மதித்த குழந்தைகளை ஒழுங்காக அழைத்து, உடம்பைப் பார்த்து, இரத்தமும் ஸ்கேனும் எடுத்துக் கண்காணித்தார்கள். கட்டி வந்த குழந்தைகளுக்குச் சிறிய அளவிலேயே பிடித்துவிட்டார்கள். நம்மிடம் அப்படி ஒரு திட்டம் இல்லை. நம் திட்டம் உம்மாவின் கண்தான்.

சிறிய அளவில் பிடிப்பது ஏன் முக்கியம்? இந்தக் கட்டிக்கு ஆபரேஷன்தான் முதல் மருந்து. கட்டி சிறியதாக, உறை கிழியாமல் முழுசாக எடுக்கப்பட்டால் பத்தில் ஒன்பது குழந்தைகள் பிழைத்துக்கொள்கிறார்கள். நுரையீரலுக்கோ ஈரலுக்கோ பரவிய பிறகு அந்தக் கணக்கு வெகுவாகச் சரிந்துவிடும். மைட்டோட்டேன் என்ற மாத்திரையும் கீமோ மருந்துகளும் இருக்கின்றன. கடினமான மருந்துகள், பலனும் நிச்சயமில்லை. முதல் முடி தெரிந்ததற்கும் நோய் கண்டுபிடிக்கப்பட்டதற்கும் இடையே பல மாதங்கள் போய்விடுவதை எல்லா நாட்டு டாக்டர்களும் எழுதுகிறார்கள்.

சோதனைகள் எளிமையாகத்தான் தொடங்கும். உயரம், எடை, பி.பி. அளப்பார்கள். இடது கை மணிக்கட்டை எக்ஸ்ரே எடுத்து எலும்பின் வயதைப் பார்ப்பார்கள். மூன்று வயதுப் பிள்ளையின் கை ஆறு வயதுக் கை போல இருக்கும். காலை வேளையில் இரத்தம் எடுத்து ஹார்மோன் பார்ப்பார்கள். பிறகு வயிற்று ஸ்கேன். சாதாரண ஸ்கேனில் சிறு கட்டி தெரியாமல் போகலாம். ஹார்மோன் ஏறியிருந்து ஸ்கேன் "நார்மல்" என்று வந்தால் வீட்டுக்குத் திரும்பிவிடாமல் சி.டி. அல்லது எம்.ஆர்.ஐ. வேண்டுமா என்று கேளுங்கள். வயிற்றில் கட்டி தெரிந்தவுடன் ஊசி குத்தித் துளி எடுத்துப் பார்ப்பது இந்தக் கட்டிக்கு வழக்கமில்லை. உறை கிழிந்தால் பரவும். யாராவது அவசரமாக அப்படிச் செய்யலாம் என்றால், குழந்தைகள் அறுவைச் சிகிச்சை நிபுணரைப் பார்த்துவிட்டு வருகிறோம் என்று சொல்லுங்கள்.

ஆபரேஷன் முடிந்து ஊர் திரும்பியதும் இன்னொரு ஆபத்து காத்திருக்கிறது. கட்டி கார்டிசாலைக் கொட்டிக்கொண்டிருந்த காலமெல்லாம் எதிர்ப்பக்கத்து நல்ல சுரப்பி வேலையில்லாமல் உறங்கியிருக்கும். அது விழிக்கும்வரை, சில வாரமோ பல மாதமோ, ஹைட்ரோகார்டிசோன் மாத்திரை கொடுப்பார்கள். "ஸ்டீராய்டாம், உடம்புக்குக் கெடுதியாம்" என்று பக்கத்து வீட்டார் சொல்லக் கேட்டு நிறுத்திவிடுவது உயிருக்கே உலையாகும். டயபர் களிம்பைப் பற்றி இப்போதுதான் கடிந்து பேசினோம், இங்கே மாத்திரையை விடாதீர்கள் என்கிறோம். இரண்டும் ஒன்றல்ல. இது உடம்பில் இல்லாததை ஈடுகட்டுவது. காய்ச்சல் வந்தால் அளவை எத்தனை மடங்காக்க வேண்டும், வாந்தி எடுத்து மாத்திரை நிற்காவிட்டால் எந்த ஊசி போட வேண்டும் என்பதை டிஸ்சார்ஜ் நாளிலேயே எழுதி வாங்கி, அந்தச் சீட்டைப் பள்ளிக்கூடத்திலும் மதரஸாவிலும் ஒரு பிரதி கொடுத்து வையுங்கள். நோன்பு மாதத்தில் எட்டு ஒன்பது வயதுப் பிள்ளைகள் ஆசையாக நோன்பு பிடிப்பார்கள். இந்த மாத்திரை சாப்பிடும் பிள்ளைக்கு டாக்டரைக் கேட்காமல் நோன்பு வைக்க விடக் கூடாது. வயதுக்கு வராத பிள்ளைக்கு அது கடமையும் அல்ல.

எங்கே போவது? அங்கன்வாடிக்கும் பள்ளிக்கும் வருகிற அரசு மருத்துவக் குழுவிடம் முதலில் காட்டலாம். 2013 முதல் நடக்கும் திட்டம் அது, 18 வயது வரையான பிள்ளைகளுக்கு இலவசம். அவர்கள் வரும் நாளுக்காகக் காத்திருக்கவும் வேண்டாம். ஆரம்ப சுகாதார நிலையத்திலோ நேரே தூத்துக்குடி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் குழந்தைகள் பிரிவிலோ காட்டலாம். சிறு குழந்தைக்கு அட்ரீனல் ஆபரேஷன் அடிக்கடி நடக்கிற ஒன்றல்ல. ஹார்மோன் நிபுணர், குழந்தைகள் அறுவைச் சிகிச்சை, புற்றுநோய்ப் பிரிவு மூன்றும் ஒரே கூரையின் கீழ் இருக்கும் பெரிய மருத்துவமனையில் செய்வதே நல்லது. சென்னை எழும்பூர் அரசு குழந்தைகள் மருத்துவமனை, வேலூர் சி.எம்.சி. போன்றவை நினைவில் இருக்கட்டும். இங்கிருந்து எழுதிக் கொடுத்து அனுப்பச் சொல்லுங்கள்.

முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் உள்ள குடும்பங்கள் சேரலாம், குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை சிகிச்சை உண்டு. நோய் வந்த பிறகு அலைவதைவிட இப்போதே அட்டை எடுத்து வைப்பது நல்லது. சந்தேகம் இருந்தால் 104 என்ற எண்ணுக்குப் போன் செய்து கேட்கலாம். இன்னும் அட்டை இல்லாதவர்கள் ரேஷன் கார்டு, வீட்டில் உள்ள எல்லோருடைய ஆதார், கிராம நிர்வாக அலுவலரின் வருமானச் சான்று மூன்றையும் கொண்டுவந்து கூட்டம் முடிந்ததும் வாசல் மேசையில் பெயர் கொடுங்கள். தூத்துக்குடி ஆட்சியர் அலுவலகத்துக்கு ஒன்றாக அழைத்துப் போக ஏற்பாடு செய்கிறோம். பிள்ளையைப் பற்றி ஏதேனும் கேட்க வேண்டிய தாய்மார்கள் மேசைக்கு வர வேண்டியதில்லை. பெண்கள் பகுதியிலேயே நம் சகோதரிகள் இருவர் அமர்ந்திருப்பார்கள், அவர்களிடம் தனியாகச் சொல்லலாம். பெயர் எதுவும் எழுதிக்கொள்ள மாட்டார்கள்.